உண்மை நகல்

பக்கத்துக்குப் பத்துக் காசு.
ஐம்பதைத் தாண்டினால் எட்டு.
தனுசுக்கோடியின் கோப்பு நூற்றுப் பதினேழு பக்கம்,
ஆனாலும் பத்துக் காசுதான் தருவார்.
சலுகை வாங்கினால் பின்னால் கணக்கு இடிக்குமாம்.

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
வாசலில் செம்பனை லோரிகள்
பழம் சிந்திக்கொண்டே போகும்.
சிரம்பானுக்கு ஏழரை பஸ்ஸைப் பிடிக்க
ஆறே முக்காலுக்கே வந்து
இரும்புக் கதவை ஊன்றுகோலால் தட்டுவார்.
மூன்று தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.
ரேஞ்சர் படையில் பழகியது என்பார்.
எனக்கு அது
அரைத் தூக்கத்தில் விழும் சத்தம்.

பிறர் தாளைப் படிக்கக் கூடாது.
ஆனால் கண்ணாடிமேல் குப்புற வைக்கும் முன்
எழுத்து ஒருமுறை என்னைப் பார்த்துவிடும்.
பத்தொன்பது வருஷம் அப்படிப் பார்த்ததில் தெரிந்தது:
எழுபத்தெட்டில், கிரிக் காட்டில்,
பாறை சரிந்து நசுங்கியது வலது முழங்கால்.
மயக்கம் தெளிந்தபோது
கட்டு இருந்தது இடதில்.

மீதியை அவரே சொன்னார்,
மெஷின் சூடாகும் வரை:
"மிஸ்ஸி, இது நல்ல காலாச்சே என்றேன்.
அவள் அட்டையைப் பார்த்தாள்.
அட்டையில் சரியாகத்தான் எழுதியிருந்தது.
என்னைப் பார்த்தாள்.
அதற்கப்புறம் அந்த அட்டையை
யாருமே பார்க்கவில்லை."

வலது காலுக்கு மாதாமாதம் ஏதோ வருகிறது.
வழக்கு இடது காலுக்கு.
பணியின்போது அதற்கு எந்தக் காயமும் பதிவாகவில்லை
என்கிறது இலாகாவின் கடிதம்.
உண்மைதானே.
ஸ்ட்ரெச்சரில்
அது சும்மா துணைக்குப் போன கால்.

ஆஸ்பத்திரியைக் கேளுங்கள் என்றார்கள்.
பழைய பதிவேடுகள் வெள்ளத்தில் போயின
என்றது ஆஸ்பத்திரி.
அந்த அறை மூன்றாம் மாடியில் என்கிறார் இவர்.
மேலதிகாரி மாறினார். பாரம் மாறியது.
பழைய பாரம் செல்லாது என்று
புதிய பாரத்தில் அதே காலை
மறுபடி எழுதிக் கொடுத்தார்.
என் கடையில் மூன்று மெஷின் மாறியாயிற்று.

ஒருநாள் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்தார்.
இதை நகலெடுக்க முடியாது என்றேன். கேட்கவில்லை.
வந்தது முழுக் கறுப்பாய் ஒரு பக்கம்,
நடுவில் இரண்டு திருகாணி மட்டும் வெள்ளையாய்.
"போதும். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது"
என்று பத்துக் காசை வைத்தார்.

போன மாதம் கடைசியாய் ஒரு கடிதம்.
மருத்துவக் குழு நேரில் பார்க்குமாம்.
இரண்டு பிரதி, அசலோடு.
செலவுகளுக்கு ரசீது.

"தங்கச்சி, இத்தனை வருஷ நகலுக்கும்
ரசீது வேணுமே?"
ராத்திரி உட்கார்ந்து
பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்து எழுதினேன்.
நானூற்று முப்பத்தாறு வெள்ளி அறுபது காசு.
அந்த ரசீதுகளையும் நகலெடுக்க வேண்டியிருந்தது.
அதற்கும் ஒரு ரசீது கேட்டார்.
எழுதிக் கொடுத்தேன்.
அதை நகலெடுக்கலாமா என்று
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இன்று ஏழரை பஸ்.
முதலில் ஊன்றுகோல் ஏறியது.
பிறகு இடது காலைக்
கால்சட்டையோடு பிடித்துத்
தூக்கி உள்ளே வைத்தார்,
தூங்கும் பிள்ளையை வைப்பதுபோல் இல்லை,
மூட்டையை வைப்பதுபோல்.
எண்ணெய் ஆலையில் ஜாகா வேலைக்குப் போடும்
அதே நீலச் சட்டை, இஸ்திரி போட்டது.
டிரைவர் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தான்.

எட்டு மணிக்குப் பள்ளிப் பையன் ஒருவன்
அடையாள அட்டை நகலுக்கு வந்தான்.
மூடியைத் தூக்கினேன்.
கண்ணாடிமேல் குப்புறக் கிடந்தது
குழுவின் அழைப்புக் கடிதம்.
அசல்.

இந்தத் தொழிலில் எல்லோரும்
மறந்துபோவது அதைத்தான்.
நகலைப் பத்திரமாய் மடித்துக்கொண்டு
அசலை விட்டுப் போவார்கள்.

கைப்பேசியில் கூப்பிட்டேன்.
கோலா பிலா மலைப்பாதை, எடுக்கவில்லை.
பையனிடம் காசு வாங்காமல் அனுப்பினேன்.
கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
மெஷினை அணைத்தேன்.
கதவை இழுத்தபோது
சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அடுத்த பஸ் எட்டே காலுக்கு.